ஒரு அடி இறங்குங்க

"ஒரு அடிதான் விஷயம். நீங்க கொஞ்சம் இறங்கி வாங்களேன்," என்றார் இன்ஜினியர்.

"நானா? அவனுக்கு அடி வேணும்னா இங்கே வரச் சொல்லுங்க, கையாலயே தர்றேன்!" என்றார் அண்ணன்.

ரயில் தண்டவாளங்களுக்குக் கீழே பயணிகள் நடந்துபோகச் சுரங்கப்பாதை. ஒரு முனையிலிருந்து அண்ணனும் மறுமுனையிலிருந்து தம்பியும் தோண்டி வந்தார்கள். இருவரும் முகம் பார்த்துப் பேசி ஆறு வருடம். நடுவில் ஒரு மீட்டர் மண்சுவர்தான் பாக்கி. ஆனால் அண்ணன் போட்ட தரை தம்பியின் தரையைவிட ஓர் அடி உயரம்.

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு மேலேறி, மறுபக்கம் இறங்கினார்.

"அப்ப நீங்க ஒரு அடி ஏத்துங்க."

"மூத்தவர்னா தலையில கொம்பா முளைச்சிருக்கு? அவரை உடைச்சு இறக்கச் சொல்லுங்க!" என்றார் தம்பி.

"எக்கேடோ கெட்டுப் போங்க! திங்கட்கிழமை சுவரை உடைக்கிறேன். தரை ஒட்டலேன்னா ரெண்டு பேருக்கும் இங்கே வேலை இல்ல."

திங்கட்கிழமை சுவர் சரிந்தது. தூசி அடங்குமுன்பே விறைப்பாக முன்னால் நடந்த அண்ணன், "அம்மா!" என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டார்ச் அடித்தால், நடுவில் அதே ஓர் அடிப் படி.

"பாவிகளா! ஒருத்தர்கூட அசையலையா?"

கத்திய பிறகுதான் இன்ஜினியர் கவனித்தார். இப்போது உயரமாக இருப்பது தம்பியின் தரை.

அண்ணன் நிமிர்ந்து தம்பியை முறைத்தார். "உன்னை எவன்டா ஏத்தச் சொன்னது, மடையா?"

"உன்னை யாரு இறங்கச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே குதித்து வந்த தம்பி, அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடி பலமாண்ணே?"