திரும்பிப் பார்க்காதே

படாரென்று தடித்த அகராதியைப் பெஞ்சின் ஓரத்தில் போட்டார் தலைமையாசிரியர். அவருக்கு முதுகைக் காட்டி அந்த நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் அசையவே இல்லை. கடைசியில் இருந்த ரெட்டைச் சடை மட்டும் வெடுக்கென்று திரும்பினாள்.

"மறுபடியும் கெடுத்தியா? சத்தம் கேட்டாலும் கேக்காத மாதிரி உக்காரணும்னு எத்தனை தடவை சொல்றது?"

ரெட்டைச் சடை அவர் வாயையே பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் பெஞ்சில் பதித்துக்கொண்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். காது கேளாத பிள்ளைகள் ஐந்து பேராவது இருந்தால், அந்தப் பள்ளிக்குத் தனி வகுப்பறை, கருவிகள், சைகை மொழி தெரிந்த ஆசிரியர் எல்லாம் அரசு செலவில் வரும். கூடவே ஒரு ஏசியும் வரும் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைகள் மேல் தலைமையாசிரியருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஏசிக்கு இடம்கூடப் பார்த்துவிட்டார், தன் நாற்காலிக்கு நேர் மேலே.

ஒரே ஒரு சிக்கல். அப்படி ஒரு பிள்ளைகூடப் பள்ளியில் கிடையாது. தேர்ச்சி விகிதம் கெட்டுவிடும் என்று, சேர வந்தவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிய புண்ணியவான் அவரேதான். அதனால் என்ன, காது டாக்டரான மைத்துனர் சான்றிதழ் தந்துவிட்டார். நடிக்கப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்பு டீச்சர் அழைத்து வந்துவிட்டார்.

"இந்த ரெட்டைச் சடையைத் தூக்கிடுங்க டீச்சர். இவளால மானம் போயிடும்."

"இருக்கட்டும் சார்," டீச்சர் கெஞ்சினார். "அந்த சைகை வாத்தியார் எப்படியாவது நமக்கு வந்தே ஆகணும் சார். இவளும் இருக்கட்டும்."

டீச்சருக்குச் சொந்தக்காரப் பெண் போலிருக்கிறது, நடிக்க ஆசைப்படுகிறது என்று தலைமையாசிரியர் விட்டுவிட்டார்.

மறுநாள் பிள்ளைகளைச் சோதிக்க வந்த அதிகாரி, முதலில் பிஸ்கட்டைத் தீவிரமாக ஆய்வு செய்தார். பிறகு டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன் நான். என்னை யாரும் ஏமாத்த முடியாது."

பூனை நடை நடந்து பெஞ்சுக்குப் பின்னால் போனார். அதே அகராதியைப் பெஞ்சின் ஓரத்தில் ஓங்கிப் போட்டார். பெஞ்சே அதிர்ந்தது.

ஐந்து பேரும் அபாரம். ஒருவன் மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டவில்லை. ரெட்டைச் சடை திரும்பிப் பார்த்தாள். தலைமையாசிரியர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அதிகாரி சிரித்தார். "பாத்தீங்களா? அஞ்சும் நிஜம். இது ஒண்ணு மட்டும் டூப்பு."

ரெட்டைச் சடையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். "அஞ்சு பேருக்கு அனுமதி குடுத்துடறேன். ஆனா இந்தப் பொண்ணு அந்த கிளாஸ் பக்கமே வரக் கூடாது. வந்தான்னு தெரிஞ்சுது, மொத்தத்தையும் ரத்து பண்ணிடுவேன்."

ஜீப் கிளம்பியதும்தான் தலைமையாசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து, மேலே வெறும் சுவரை ஆசையோடு பார்த்தார். அப்புறம்தான் டீச்சரைக் கவனித்தார். ரெட்டைச் சடையை இறுக அணைத்துக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எதுக்கு டீச்சர் அழறீங்க? அதான் நீங்க கேட்ட வாத்தியார் வரப் போறாரே. நடிக்கத் தெரியாத ஒண்ணு போனா போகுது."

"இவ ஒருத்திக்குத்தான் சார் நிஜமாவே காது கேக்காது."