முறுக்கனைக் காத்த போராட்டம்

முதலில் பட்டிக்காரன் ஆடுகளின் ரோமத்தைக் கத்தரித்தான். அடுத்து மேய்ச்சலைக் குறைத்தான். அதற்கடுத்து, பட்டியிலேயே பிறந்த கிடா முறுக்கனை விற்றுவிட்டு வெளியூர்க் கிடா ஒன்றை இறக்கப் பார்த்தான். முதலிரண்டையும் பொறுத்த மூத்த ஆடு செங்காரி, மூன்றாவதைப் பொறுக்கவில்லை. முறுக்கன் அது பெற்ற பிள்ளை. ஆடுகள் ஒன்றுகூடித் தீனியை மறுத்தன. பட்டிக்காரன் பணிந்தான். முறுக்கன் பட்டிக்கு ஒரே கிடா ஆனது.

அதன்பின் பிறந்த குட்டிகளில் பல, பால் குடித்த சில நாளில் தலை நடுங்கி விழுந்து செத்தன.

"தீனியில விஷம்!" என்றது செங்காரி. "எங்க ரத்தத்தைச் சோதிச்சு, முடிவை எல்லார் முன்னாலயும் படிக்கணும்!" அந்தப் போராட்டத்திலும் அது வென்றது.

முடிவோடு காவல் நாய் வந்தபோது, செங்காரியின் மகள் வெள்ளச்சி ஈன்ற குட்டி நடுங்கிக் கிடந்தது.

"முதலாளி போட்ட எலும்பை மறந்துட்டு, சத்தமாப் படிடா," என்றது செங்காரி.

"தீனியில குறையில்லக்கா. குடிச்ச பாலே உடம்புக்குள்ள விஷமாகுதாம். பிறவிக் குறை. தாய், தகப்பன் ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருந்தாத்தான் குட்டி சாகும். ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா வெளியே தெரியாது. முறுக்கனுக்கும் இருக்கு, வெள்ளச்சிக்கும் இருக்கு."

"எங்களுக்கு யார்கிட்டயிருந்து வந்துச்சு?" என்று அலறியது வெள்ளச்சி.

நாய் குரலைத் தாழ்த்தியது. "மிச்சத்தை நாளைக்குப் படிக்கட்டுமாக்கா?"

மந்தை முழுவதும் காதை நிமிர்த்தி நின்றது. குட்டியின் நடுக்கம் அடங்கியிருந்தது. செங்காரி அதை ஒருமுறை முகர்ந்து பார்த்தது.

"எல்லார் முன்னாலயும்னுதானே கேட்டோம்? படி."

"செங்காரி," என்று படித்தது நாய்.