மதகடிச் சீட்டு

நடுச்சீட்டைச் சாமிதுரை புரட்டிப் போட்டான். டைமன் ஏழு.

இராஜாங்கம் தன் இரண்டு சீட்டையும் இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான். முகத்தில் எதையும் காட்டவில்லை.

கையில் இருந்தது இஸ்பேடு ஆசும் இஸ்பேடு ராஜாவும். இதற்கு மேல் ஒருவன் என்ன கேட்க முடியும்? நடுவில் இன்னொரு இஸ்பேடு விழுந்திருந்தால் போதும். ஒரு ராணி விழுந்திருந்தாலும் போதும். விழுந்தது ஒன்றுக்கும் ஆகாத ஏழு.

போன வருஷம் இந்த மதகடியில் ஒருத்தன் தோளில் அரிவாள் இறங்கியதிலிருந்து, முறை வைத்து விடும் தண்ணீருக்குத் தகராறு வந்தால் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்வதுதான் வாய்க்கால் பழக்கம். கைக்கு இரண்டு சீட்டு. நடுவில் கிடப்பது இருவருக்கும் பொது; மூன்றும் சேர்ந்துதான் கணக்கு. போடுகிறவன் மதகு பார்க்கிற நீர்பாய்ச்சி சாமிதுரை. ஜெயித்தவன் மதகைத் தொடலாம்.

எதிரே பண்ணைக் காரியக்காரர் காயாரோகணம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

“குத்தகைப் பதிவுக்கு மனுப் போட்டவனுக்குத் தண்ணி எதுக்குடா? கவர்மெண்டே வந்து குடம் குடமா ஊத்துமே.”

இராஜாங்கம் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன்; அந்த உரிமையைத் தன் பேரில் பதியச் சொல்லி சர்க்காருக்கு மனுப் போட்டிருந்தான். அவன் நிலம் கடைமடை, வாய்க்கால் முடிகிற இடம். நட்ட பயிர் வேர் பிடிக்குமுன்பே வயல் வெடித்துவிட்டது. இன்றைக்குப் பாயாவிட்டால் வைக்கோலுக்குக்கூட மிஞ்சாது.

சீட்டைக் காட்டினால், எதிராளிக்கு ஒரு ஜோடி இருந்தாலே போச்சு. இருக்கிற வழி ஒன்றுதான். பந்தயத்தை ஏற்ற வேண்டும்; பயந்து எதிராளி சீட்டைக் கவிழ்த்துவிட்டால் ஜெயிப்பு இவனுக்கு.

காயாரோகணம் சம்பளத்துக்கு நிற்கிறவர். வைத்து ஆடுவது அவர் அப்பன் வீட்டுத் தண்ணீர் இல்லை. பந்தயம் பெரிதானால் முதலாளி முகம் ஞாபகத்துக்கு வரும்.

“அடுத்த முறையும் சேத்து வச்சுக்குங்க காரியக்காரரே. தோத்தா ரெண்டு முறைக்கும் நான் மதகுப் பக்கமே வரல.”

காயாரோகணம் மெல்லுவதை நிறுத்தினார். தன் சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு இராஜாங்கத்தைப் பார்த்தார்.

கழுத்தில் வியர்வை இறங்கியது. இராஜாங்கம் கையை அசைக்கவில்லை. துடைத்தால் தெரிந்துவிடும்.

“போடா, எடுத்துக்க.” காயாரோகணம் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார்.

இராஜாங்கம் வாய்க்காலில் குதித்தான். மதகுப் பலகையைப் பிடுங்கிக் கரையில் எறிந்தான். தண்ணீர் அவன் காலை இடறிக்கொண்டு கடைமடைக்கு ஓடியது. ஒரு கை அள்ளிக் குடித்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

கரையேறியவனுக்கு ஆசை விடவில்லை. எந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் பயந்தார்? ஈரக்கையால் புரட்டினான்.

இரண்டும் ஏழு.

நடுச்சீட்டோடு மூன்று ஏழு. அதை அடிக்க ஒரு சீட்டும் கிடையாது.

நிமிர்ந்தான்.

காயாரோகணம் தன் சட்டையைக் கழுத்திலிருந்து கீழ்வரை கிழித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. பிறகு கரையில் கிடந்த பலகையை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் நெற்றியிலேயே ஒரு போடு போட்டார்.

ரத்தம் புருவத்தில் இறங்கியது. அதைத் துடைக்காமலே கேட்டார்:

“ஸ்டேஷன்ல கேட்டா என்னடா சொல்லுவே, சாமிதுரை?”

சாமிதுரை குனிந்து சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

“ராஜாங்கம் மதகை உடைச்சதைப் பாத்தேங்க. உங்கள அடிச்சதையும் பாத்தேங்க.”