சனிக்கிழமைக்கான புத்தகம்

போன சனிக்கிழமை மேவ் சாலையின் நடுக்கோடு வரை போய்விட்டாள். மரம் ஏற்றிய லாரி அவளுக்கு நான்கடி தள்ளி நின்றது.

அதைச் சொல்லத்தான் பள்ளிக்கு வந்தேன்.

நொலீன் ஒரு குழந்தை நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். இரண்டு வருடமாக வகுப்பில் என் மகளின் அருகிலேயே உட்கார்ந்திருக்கும் உதவியாசிரியை. மேவுக்கு ஏழு வயது. பேசமாட்டாள்.

“மொகத்தப் பாத்தா மூணு வேளையும் டோஸ்ட்லயே ஓடுது போல, டேமியன்.”

“ரெண்டு வேளைதான்,” என்றேன். “சனிக்கிழமையானா ஷூவப் போட்டுட்டு வாசல்ல நிக்கிறா. பத்து மணி தாண்டினா ரோட்டுக்கு ஓடுறா. கேட்டப் பூட்டினா ஏறிக் குதிக்கிறா. அதுக்கு ஒரு புத்தகம் பண்ணிக் குடுங்க.”

புதிதாக எது வந்தாலும் மேவுக்கு முன்கூட்டியே ஒரு புத்தகம் வேண்டும். பல் மருத்துவர், தீ ஒத்திகை, புதுப் பேருந்து ஓட்டுநர். நொலீன் படங்களை ஒட்டி, பக்கத்துக்கு ஒரு வரி எழுதி, இரண்டு வாரம் தினமும் படித்துக் காட்டுவாள். அதன்பின் மேவ் கையைக் கடித்துக்கொள்ளமாட்டாள்.

புத்தகத்தில் இருப்பது நடக்கும். அவ்வளவுதான் அவளுக்கு.

என் மனைவி ரெனே இறந்ததற்குப் புத்தகம் இல்லை. ஏப்ரல் மாதம். பழைய துணிகளைத் தொண்டுக் கடைக்குக் கொண்டுபோகும் வழியில், மலைச்சாலை வளைவில், மழை. காரிலிருந்த இரண்டு பெட்டிகளையும் போலீஸ் திருப்பித் தந்தது. அவற்றைக் கடையில் சேர்த்தது நான்தான்.

இறுதிச் சடங்கில் மேவ் ஒரு சத்தமும் போடவில்லை. எல்லோரும் வியந்தார்கள்.

நொலீன் மூலையைப் பார்த்தாள். மேவ் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புத்தகம். அதன் ஓரங்கள் துணிபோல் ஆகிவிட்டிருந்தன.

“எங்க ஒளிச்சு வெச்சாலும் அத மட்டும் கண்டுபிடிச்சிடறா. தூக்கிப்போட எனக்கும் மனசு வரல.”

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் எங்கள் சமையலறை. நான் ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருக்கிறேன். ரெனே எடுத்த படம். எதற்கென்று அன்று கேட்டேன். சிரித்தாள்.

‘இது அப்பாவின் வீடு.’

அடுத்த பக்கத்தில் நான் பார்த்திராத ஒரு பச்சைக் கதவு.

‘இது அம்மாவின் வீடு. இங்கேயும் மேவுக்கு ஒரு கட்டில் இருக்கிறது.’

“மார்ச்லயே படமெல்லாம் குடுத்துட்டா,” என்றாள் நொலீன். “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினதுன்னு சொன்னாளே?”

“ஆமா,” என்றேன்.

கடைசிப் பக்கத்தில் எங்கள் கேட். வெளியே ரெனேயின் நீலக் கார்.

‘சனிக்கிழமை பத்து மணிக்கு அம்மா வருவாள்.’

மேவ் என் விரலைப் பிடித்துக் காரின் மேல் வைத்தாள். அழுத்தினாள்.

“புதுசா ஒண்ணு எழுதறேன்,” என்றாள் நொலீன். “உள்ளத உள்ளபடி. ஆனா அவ மனசுல அது ஏற ரெண்டு வாரம் ஆகும்.”

மணி அடித்தது. மேவ் எழுந்து சுவரிலிருந்த கிழமை அட்டைகள் பக்கம் போனாள். வெள்ளியைப் பிய்த்து, ‘முடிந்தது’ பெட்டிக்குள் போட்டாள்.

பிறகு குனிந்து ஷூவின் பட்டையை இறுக்கினாள்.