வெல்வெட்டுப் பெட்டி

கூடுவாஞ்சேரியில் வேன் ஓட்டும் ஜெயக்குமார் சவாரி முடிந்து வந்தபோது, வீடெங்கும் வெட்டுத்துணி கிடந்தது. மனைவி தெய்வநாயகி, ரவிக்கை தைத்து மிஞ்சிய துணிகளையும் கிழிந்த சாக்கையும் அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது? ஒண்ணு வெல்வெட்டு, ஒண்ணு பட்டு, ஒண்ணு சாக்குத்துணி! எல்லாத்துக்கும் ஒரே துணி ஒட்டினா பாக்க நல்லாருக்கும்ல?"

"பாக்கறதுக்கு இல்லய்யா."

மூன்றாவது படிக்கும் மகள் பிரதீபா, கண்களில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பெட்டிகளைத் தடவினாள்.

"வெல்வெட்டு! இதுல யூனிபாரம். சாக்கு! இதுல புக்கு. கரெக்டாம்மா?"

"கரெக்டு கண்ணு."

"நாளைக்குப் பரீட்சை. படிக்கிற புள்ளைக்கு இன்னா வெளாட்டு?" என்று அதட்டியவனைத் தெய்வநாயகி சமையற்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"கண்ணாடி வாங்கலாம்னு காலையில புள்ளய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன்ல? கண்ணாடி போட்டாலும் நிக்காதாம்யா. கொஞ்சங்கொஞ்சமா பார்வை பூரா போயிடுமாம். தெரியறப்பவே கை பழகட்டும்னுதான்..."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பா, நீயும் வெளாட வா!" என்று கூடத்திலிருந்து பிரதீபா கூப்பிட்டாள்.

ஜெயக்குமார் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். நனைவது வெளியே தெரியாதபடி நாலாக மடித்துத் தன் கண்களில் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவியபடி மகளிடம் போனான்.