ஃபர்சானாவின் இடது கை

வகுப்புக்கு உடம்பு மட்டும் வந்தால் போதாது, மனமும் வர வேண்டும் என்று எங்கள் மகளிர் கல்லூரியில் எல்லோருக்கும் கவனத்தை அளக்கும் கைப்பட்டை கட்டி மூன்று வருடமாகிறது. கவனித்த நிமிடங்கள்தான் அட்டெண்டன்ஸ். எழுபத்தைந்து சதவீதம் வராத மாணவிக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

வரலாற்றுத் துறை ஹெலன் மேம் இரண்டு மாணவிகளை ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்து, பட்டைகள் அனுப்பிய அறிக்கையைக் காட்டினார்.

"செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் ஒரே நொடியில தூங்கியிருக்கீங்க. ஒரே நொடியில முழிச்சிருக்கீங்க. அது எப்படிம்மா?"

ஃபர்சானா தயங்கித் தயங்கி இடது கை முழு ஸ்லீவை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் அவளுடைய பட்டை. அதற்கு மேலே, பக்கத்தில் நின்ற பொன்ராணியுடையது.

"இவ விடியக்காலம் மூணு மணிக்கே பூ மார்க்கெட் வேலைக்குப் போறா மேம். கிளாஸ்ல கண்ணு சொக்கிடுது. அதான் இவளுக்கும் சேத்து நான் கவனிச்சேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், அசந்துட்டேன்."

"ஹால் டிக்கெட்டை நிறுத்திராதீங்க மேம்," என்றாள் பொன்ராணி. "பாடமெல்லாம் இவ சொல்லிக் குடுத்துட்டா. பரீட்சையை நான் எழுதிருவேன்."

ஹெலன் மேம் கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். அறிக்கையின் கடைசிப் பக்கம் ஆசிரியர்களுடையது. இருபத்திரண்டு வருடமாக அதே பாடத்தை நடத்தும் அவருக்கு நாற்பத்தெட்டு சதவீதம் போட்டிருந்தது.

அறிக்கையை மடித்து டிராயருக்குள் தள்ளினார். பிறகு தன் பட்டையை மெதுவாகக் கழற்றினார்.

"உன் வலது கை சும்மாதானேம்மா இருக்கு?"