தொட்டிக்குப் போன கால்

தெருக் குப்பைத்தொட்டிக்குள் போன பொருள் குப்பை அள்ளும் கம்பெனியின் சொத்து, அதை எடுத்தால் திருட்டு என்று சட்டம் வந்துவிட்டது. ஆள் குனிந்தாலே தொட்டி ஊளையிடும். அதனால் முனிரத்தினம் நின்றபடியே தன் பிளாஸ்டிக் காலை அதன் வாய்க்குள் விட்டு பாட்டில்களை வெளியே நெம்பிக்கொண்டிருந்தான்.

“உயர்தர பிளாஸ்டிக் பெறப்பட்டது. நன்றி” என்றது தொட்டி.

காவலாளி சிரித்துக்கொண்டே வந்தான். “இன்னா அண்ணாத்தே, காலையே போட்டுட்டியா?”

“போடலப்பா. இதோ, என் ஒடம்போட தானே கீது!”

“உள்ள போயி தொட்டி கணக்குல எடை ஏறிடிச்சே. இனிமே அத்த மாட்டிக்கினு ஒரு அடி வெச்சாலும் திருட்டு கேஸு.”

முனிரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டான். “இது இல்லாட்டி நாளைக்கு லோடு எறக்க முடியாதுப்பா. சோத்துக்கு எங்க போவேன்?”

“நீயே கயட்டிப் போட்டுடு. நான் தொட்டா என் மேலயும் கேஸாயிடும்.”

அழுதுகொண்டே வாரை அவிழ்த்தான். கால் உள்ளே விழுந்து உருண்டது. தொட்டி மறுபடி நன்றி சொன்னது. ஒற்றைக்காலில் தள்ளாடியவன், விழாமலிருக்கத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“கைய எடு அண்ணாத்தே,” என்றான் காவலாளி. “தொட்டியும் கம்பெனிது.”